அரிவாள் மேல் அண்ணன்

தை 12

எழுதச் சொல்லி உத்தரவு. போட்டது டவுன் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கிற பெண், பெயர் ஷர்மிளா. "ஐயா தினமும் எப்படி நிக்கிறாரு, எங்க தடுமாறுறாரு, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றாள். எனக்கு எழுதத் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. ஆடு மேய்க்கையில் அந்தச் சுவரை ஒட்டி ஓட்டிப்போனதோடு சரி. கரி மூட்டையை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்துக் கிடந்த ரோட்டில், போகிற வருகிற பஸ்ஸின் போர்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துப் பிடிபட்டது. எனக்கு முதலில் எழுத வந்த சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பரமக்குடி. இரண்டாவது, வழி மானாமதுரை. அந்த பஸ்ஸின் டிரைவர் ஒருவர், மீசைக்காரர், என்னைப் பார்த்தால் ஆரன் அடிப்பார். அவர் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போயிருந்தேன். அங்கே பாயசத்தில் பல்லி விழுந்து, அது பெரிய கதை. பிறகு எழுதலாம்.

அண்ணன் கதைக்கு வருகிறேன். சேவுகன் அண்ணனுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. அரிசி மில்லில் மூட்டை தூக்கிய கால்கள். இப்போது வெளிப்பக்கம் வளைந்து வில் மாதிரி ஆகிவிட்டன. அவர் நிற்கையில் நடுவே ஒரு கோழி புகுந்து போகும். போயிருக்கிறது, நானே பார்த்தேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்போட எலும்பு உரசுதுங்க. நடுவுல மெத்தையே இல்ல. முட்டிய மாத்தணும். அடுத்த வாரம் வந்து சேர்ந்துருங்க" என்றார்.

நான்தான் "மாசி முடியட்டும் சார்" என்றேன்.

"மாசில என்ன?"

"குலசாமி கும்புடு சார்."

அவ்வளவுதான் சொன்னேன். முழுசாகச் சொல்ல அங்கே நேரமில்லை, பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

தை 13

நேற்று டாக்டரிடம் சொல்லாததை இதில் எழுதிவைக்கிறேன்.

எங்கள் சாமி ஓடைக் கருப்பர். மாசிக் களரி என்கிற கும்பிட்டில், சிவராத்திரிக்கு மறுநாள், உச்சிப் பொழுதில் அண்ணன் மேல் இறங்குவார். இறங்கியதும் அண்ணன் அரிவாள் மேல் ஏறுவார். நீள அரிவாள், இரண்டு முனையிலும் கட்டைப் பிடி. ஒரு முனையை நானும் மறுமுனையை வெள்ளையன் மச்சானும் குந்தி உட்கார்ந்து தொடைமேல் வைத்துத் தாங்குவோம். வெட்டுவாய் மேல் பார்த்திருக்கும். அதன்மேல் வெறுங்காலை வைத்து நின்று ஊருக்குச் சேதி சொல்லுவார். வலது கையில் சாட்டை. இடது கை சும்மா தொங்கும். எதையும் பிடிக்கக்கூடாது, யாரையும் தொடக்கூடாது. கண் கட்டியிருக்கும். கருப்பர் பார்வை பிள்ளைகள் மேல் விழுந்தால் காய்ச்சல் கண்டுவிடும் என்று, கறுப்புத் துணியால் கட்டுவோம். கட்டுவது கூடப்பிறந்தவன். அதாவது நான்.

இந்தப் பட்டத்தை யாரும் கேட்டு வாங்க முடியாது, வேண்டாமென்று இறக்கி வைக்கவும் முடியாது. சாமியே அரிவாளிலிருந்து இறக்கிவிட்டால்தான் அடுத்த ஆள். அடுத்த ஆளும் கூடப்பிறந்தவன்தான். எங்கள் சித்தப்பா ஒரு வருசம் உடம்பு முடியவில்லை என்று ஏற மறுத்தார். அந்த வருசம் ஊரில் மாடுகளுக்குக் கோமாரி. அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஒருவரும் கை நனைக்கவில்லை. ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொண்டிப் பக்கம் போனவர், போனவர்தான்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் செய்த சோதனையையும் எழுத வேண்டும். அண்ணனை வெறும் தரையில் நிற்கச் சொன்னாள். நின்றார். கொஞ்சம் ஆட்டம், ஆனால் நின்றார். "இப்ப கண்ண மூடுங்கய்யா" என்றாள். மூடினார். மூடின மாத்திரத்தில் வெட்டின மரமாகச் சாய்ந்தார். அவள் தயாராக இருந்ததால் பிடித்துக்கொண்டாள்.

"நமக்கெல்லாம் கண்ண மூடினாலும் கால் எப்படி இருக்குன்னு முட்டி சொல்லிரும். இவருக்கு முட்டி சொல்றத நிறுத்திருச்சு, தொடையில பலமும் இல்ல. கண்ணாலதான் நிக்கிறாரு" என்றாள்.

மதினி அண்ணனைக் கைத்தாங்கலாக ஒன்றுக்குக் கூட்டிப்போன நேரத்தில் என்னிடம் இன்னொன்றும் சொன்னாள். "ஒரே ஒரு விரல் போதும் சார். சாயக்கூட வேணாம். சுவத்துலயோ ஆள் மேலயோ சும்மா பட்டுட்டு இருந்தா உடம்புக்கு இடம் தெரிஞ்சுரும், ஆட்டம் நிக்கும். வீட்டுல எல்லாருக்கும் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். திரும்பி வருகையில் பஸ்ஸில் ஒரு தகராறு. ஒருவர் பலாப்பழத்தை சீட்டில் வைத்துக்கொண்டு எடுக்க மாட்டேன் என்கிறார். கண்டக்டர் அதற்கு டிக்கெட் எடு என்கிறார். பழம் என்ன பேசுமா, இறங்கும் இடம் சொல்லுமா என்று அவர். பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. அந்தக் களேபரத்தில் வீட்டில் சொல்ல வேண்டியது மறந்துபோயிற்று.

தை 20

மூட்டம் போட்டேன். கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலைக் கட்டையை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண்ணைப் பூசி, உள்ளே தீயை விட்டுவிட்டால் அது பாட்டுக்கு வேகும். வெளியே ஒன்றும் தெரியாது. பொறுமைதான் இந்தத் தொழில். அவசரப்பட்டுத் திறந்தால் எல்லாம் சாம்பல்.

அண்ணன் வீட்டுக்குள் நடக்கும்போது சுவரில் ஒரு விரலை வைத்துக்கொண்டே போகிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகக் கண்டுபிடித்திருக்கிறார். வெள்ளையடித்த சுவரில் இடுப்பு உயரத்தில் அழுக்காக ஒரு கோடு, அறைக்கு அறை ஓடுகிறது. மதினி அதைப் பார்த்துவிட்டு, "பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு, ரயிலு ரோடு போட்டுட்டாரு பாருங்க கொழுந்தனாரே" என்று சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தை 24

குளிர். அண்ணன் எழுந்திருக்கவே இல்லை.

மாசி 1

காப்புக் கட்டியாயிற்று. ஊர்க்காரர்கள் அண்ணன் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வெள்ளையன் மச்சான்தான் எப்போதும்போலப் பேச்சை ஆரம்பித்தார். பேசத் தெரிந்தவர், வாயில் வெற்றிலை இருந்தாலும் ஒரு சொல் சிந்தாது.

"போன வருசம் என்னா ஆட்டம்யா! அரிவா மேல ஏறுனதுதான் தெரியும், அங்கிட்டும் இங்கிட்டும் அலைமோதுச்சு பாரு, எனக்குக் கையெல்லாம் வெலவெலத்துப் போச்சு."

இன்னொருவர், "வருசா வருசம் துடி ஏறிக்கிட்டேல்ல இருக்கு. முன்னயெல்லாம் செலை மாதிரி நிக்கும். இப்பத்தான் கருப்பரு முழுசா எறங்குறாரு" என்றார்.

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து முட்டிகள் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார். தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மூன்று வருசமாகத்தான் அந்த ஆட்டம். முட்டி வளையத் தொடங்கியதும் அப்போதுதான். சொன்னால் யார் நம்புவார்கள்? நான் ஏன் சொல்ல வேண்டும்?

அவர்கள் போன பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"அடைக்கலம்."

"என்னண்ணே."

"இந்த வருசம் முடியாதுன்னு சொல்லிப்புடலாமாடா?"

அவர் என்னிடம் அப்படிக் குரல் இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை. தோட்டத்தில் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வந்தேன். கரண்டு வருவதே அரிது, வந்தால் ஒரேயடியாக வந்து காயிலைச் சுட்டுவிடும், போன மாதம்தான் சரி பண்ணினேன்.

"நீ சொல்லக்கூடாதுண்ணே. சாமிதான் சொல்லணும்" என்றேன். "சித்தப்பாவ நெனச்சுப் பாரு."

"ம்" என்றார்.

மாசி 4

சலங்கையையும் கச்சையையும் பெட்டியிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் துலக்கினேன். இது என் வேலைதான், வருசா வருசம் செய்வது. கச்சையில் பூச்சி அரித்திருக்கிறதா என்று இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். சலங்கையில் மணி எல்லாம் இருக்கிறதா என்று காலில் கட்டி நாலு தட்டு தட்டிப் பார்த்தேன். கட்டாமல் எப்படித் தெரியும்?

என் பெண்சாதி ராக்கு தண்ணீர்ச் சருவத்தோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"பூச்சி பாக்குறேன்."

"பாரு, பாரு. எந்தப் பூச்சின்னு நல்லாப் பாரு."

அவளுக்கு எப்போதும் இந்தக் குத்தல் பேச்சுதான். அவள் அப்பனும் அப்படித்தான். சம்பந்தம் பேச வந்த அன்றே எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்கு" என்று சொன்ன மனுசன்.

மாசி 8

மதினி வந்தார். அவர் பெயர் பூமயில். எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையால் தடவிக்கொண்டு இராப்பகலாக உட்கார்ந்திருந்தவர். என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. இன்றைக்குக் கேட்டார்.

"கொழுந்தனாரே, இது நம்மளுக்குள்ள இருக்கட்டும்." இடுப்பிலிருந்து ஒரு துணியை எடுத்தார். பழைய கறுப்புத் தாவணி, துவைத்துத் துவைத்து இழை விட்டுப் போனது. என் முகத்துக்கு நேரே பிடித்தார். அந்தப் பக்கம் நின்ற வேப்பமரம் அப்படியே தெரிந்தது. "கட்டும்போது இதக் கட்டுங்க. வெளியே இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. அவரு கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் போகட்டும்."

"அண்ணே சொன்னாரா?"

"அவரு சொல்லுவாரா? கேட்டா என்னய அடிக்க வருவாரு. நான்தான் கேக்குறேன். ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

நிஜமாகவே குனிந்தார். நான் பின்னால் நகர்ந்தேன்.

"சாமி விசயம் மதினி" என்றேன்.

"எனக்கு அவருதானே கொழுந்தனாரே சாமி? அவரு விழுந்து கெடந்தா ஒங்க கருப்பரா வந்து தூக்கிவிடுவாரு?"

சரி என்று துணியை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எப்படி இருக்க முடியும்? அம்மை போட்டபோது வேப்பிலை தடவியவர்.

மாசி 11

வைக்கோல் எடுக்க அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனேன். உள்ளே அண்ணன். மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. தரையில் ஒரு மூங்கில் கழியைப் போட்டு அதன்மேல் இரண்டு காலையும் வைத்து நின்றுகொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. கை இரண்டும் காற்றைத் துழாவின. முழங்கால் இரண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குகிற மாதிரி நடுங்கின. அப்படியே பக்கவாட்டில் சாணிக் குவியல் மேல் விழுந்தார்.

சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு தொட்டியைப் பிடித்து எழுந்து, கழியைக் காலாலேயே நேராக்கி, மறுபடி ஏறினார். மறுபடி கண்ணை மூடினார்.

நான் நின்றது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வெட்கப்படுவார். அதனால் வைக்கோல் எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

மாசி 12

இன்றைக்கும் கொட்டகையில் விழுகிற சத்தம். ராக்குவும் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் நேற்றைய குழம்பைச் சுடவைக்கச் சொன்னேன்.

மாசி 14

சிவராத்திரி. ஊரே கோயிலில் கிடக்கிறது. பொங்கல் பானை வைக்க இடம் பிடிப்பதில் இரண்டு சம்பந்திகள் உலக்கையைத் தூக்கிக்கொண்டு விட்டார்கள். மத்தியஸ்தம் பண்ணவே நேரம் சரியாகிவிட்டது. நாளைக்கு உச்சியில் ஏற வேண்டும். மெல்லிசுத் துணி, தடித்த துணி, இரண்டையும் மடித்து இடுப்பில் வைத்திருக்கிறேன்.

மாசி 15

எழுத முடியவில்லை.

மாசி 18

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். ஊரில் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள்.

நல்ல வெயில். கொட்டுக்காரர்கள் மேளத்தை வைக்கோல் தீயில் காய்ச்சி எடுத்துவந்து அடித்தார்கள். அண்ணனுக்கு நான் கச்சை கட்டினேன், சலங்கை கட்டினேன். கண் கட்ட வேண்டிய நேரம். மதினி பெண்கள் கூட்டத்தில் முன்னால் நின்றார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இடுப்பில் கைவிட்டேன். மெல்லிசுத் துணி வியர்வையில் நனைந்து சுருண்டு கிடந்தது. ஈரத்துணியைச் சாமிக்குக் கட்டுவது கூடாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதனால் மற்றதைக் கட்டினேன்.

முடிச்சுப் போடுகையில் அண்ணன் தாழ்ந்த குரலில், "வெளிச்சமே இல்லடா" என்றார். பயந்த மாதிரிச் சொல்லவில்லை. மழை வரவில்லையே என்று சொல்வது மாதிரிச் சொன்னார்.

அரிவாளைத் தாங்கினோம். வெள்ளையன் மச்சான் அவருக்கு வலப்பக்கம், நான் இடப்பக்கம். நாலு பேர் தூக்கி ஏற்றிவிட்டு விலகினார்கள். காலை வைத்தார். ஆட்டம் தொடங்கிற்று. முன்னே, பின்னே, முன்னே. அரிவாள் வழியாக அந்த ஆட்டம் என் தொடைக்குள் இறங்கியது. எலும்பும் எலும்பும் உரசுகிறது என்று டாக்டர் சொன்னாரே, அந்த உரசல் கட்டைப் பிடி வழியாகக் கையில் தெரிந்தது. கூட்டம் வெறி பிடித்தது. "கருப்பா! கருப்பா!" என்று கத்துகிறார்கள். பெண்கள் குலவை போடுகிறார்கள். அவர் எவ்வளவுக்கு ஆடினாரோ அவ்வளவுக்குக் குலவை.

ஒரு பெரியவர் கும்பிட்டுக்கொண்டு, "அப்பு, இந்த வருசம் கம்மா பெருகுமா?" என்று கேட்டார்.

அண்ணன் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. இடது கை மெல்லக் கீழே இறங்கியது. காற்றில் தேடியது. என் தலைமேல் பட்டது. ஒரே ஒரு விரல். கனமே இல்லை, ஒரு ஈ உட்கார்ந்த மாதிரி.

பட்டதும் ஆட்டம் நின்றுவிட்டது. நம்ப மாட்டீர்கள். தொடையில் அரிவாள் பாறை மாதிரி அசையாமல் கிடந்தது. அண்ணன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்தப் பெண் சொன்னது அத்தனையும் உண்மை.

கொட்டு இறங்கியது. கூட்டத்தில் யாரோ, "என்ன, சாமி குளுந்துருச்சா?" என்றார்கள். அண்ணன் தெளிவாக, "பெருகும்" என்றார்.

அப்போது எனக்குக் கண்ணில் வியர்வை விழுந்தது. மாசி வெயில், பொங்கல் அடுப்புப் புகை வேறு. கை இரண்டும் பிடியில் இருக்கிறது. எதை வைத்துத் துடைப்பது? தலையைத் திருப்பித் தோளில் துடைத்தேன். வியர்வையைத் துடைக்காமல் யாரால் இருக்க முடியும்?

விரல் கொஞ்ச நேரம் காற்றில் என்னைத் தேடியது. பிறகு அண்ணன் விழுந்தார். விழுந்ததைச் சாமி குதித்ததாக நினைத்துப் பெண்கள் இன்னும் ஓங்கிக் குலவை போட்டார்கள். மதினி ஓடிவந்து கத்திய பிறகுதான் நின்றது.

கெண்டைக்கால் கிழிந்துவிட்டது. இடுப்பு எலும்பும் உடைந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

மாசி 20

வெள்ளையன் மச்சான் டீக்கடையில் பார்த்தார்.

"மாப்ள, அப்பத் தலையத் திருப்புனியா?"

"வேர்வ மச்சான்."

டீ கிளாஸை வைத்தார். பாதி இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இவர் எப்போதும் அப்படித்தான், டீயை முழுசாகக் குடிக்க மாட்டார் என்று எழுத நினைத்தேன். முழுசாகத்தான் குடிப்பார்.

மாசி 27

ஊர் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். கருப்பர் அண்ணனை இறக்கிவிட்டார். அடுத்தது நான். பங்குனியில் தரையிறக்கம். புதுச் சாமியாடி முதலில் கண்ணைக் கட்டித் தரையில் நிற்க வேண்டும், சாமி வந்ததை ஊர் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்த வருசம் அரிவாள்.

என் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

ராக்கு வெற்றிலைத் தட்டை எடுத்து உள்ளே வைக்கவே இல்லை. மாலையில் ஆடு வந்து தின்றுவிட்டுப் போயிற்று.

பங்குனி 6

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். முட்டி ஆபரேசன் இனி முடியாதாம், உடம்பு தாங்காதாம். அலுமினியத்தில் நாலு கால் வாக்கர் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தூக்கி வைத்து, ஆடி, நின்று, மறுபடி தூக்கி வைத்து வருகிறார்.

பார்க்கப் போனேன். மதினி எனக்குக் காப்பி கொடுத்தார். கொடுத்துவிட்டு, "சீனி போட்டுருக்கேன் கொழுந்தனாரே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கேட்டிருந்தால் ஈரத்துணி விசயத்தைச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

அண்ணன் என்னை விசாரித்தார். மூட்டம் எப்படி வெந்தது, கரி விலை போகிறதா என்று. நான் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். பாயசத்தில் பல்லி விழுந்த கதையைக்கூடச் சொன்னேன். சிரித்தார். அவருக்கு அது முன்பே தெரியும், அந்தக் கல்யாணத்துக்கு என்னோடு வந்தவரே அவர்தான்.

பங்குனி 15

தரையிறக்கம் ஆயிற்று.

கச்சை எனக்குச் சரியாக இருந்தது. கட்ட வேண்டிய அண்ணனால் முடியாது, வெள்ளையன் மச்சானும் மாட்டேன் என்றதால் வேறொரு பங்காளி கண்ணைக் கட்டினார். நல்ல இருட்டு. நின்றேன். கொட்டு அடித்தார்கள். சாமி வரும் என்று காத்திருந்தேன். அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை. தலைக்குள் வருமா, வயிற்றுக்குள் வருமா, அண்ணனிடம் கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன்.

என் முட்டி இரண்டும் நல்ல முட்டிகள். கண்ணைக் கட்டினால் என்ன, காலைச் சேர்த்து வைத்தால் என்ன, ஆணி அடித்த மாதிரி நின்றன. கொட்டு ஏறி ஏறி உச்சத்துக்குப் போயிற்று. நான் நின்றேன். கொட்டுக்காரர்கள் கை மாற்றி அடித்தார்கள். நான் நின்றேன். குலவைக்குக் காத்தேன். ஒரு குலவை இல்லை.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "என்னாத்தா இது, கரண்டு கம்பமாட்டம் நிக்கிறாரு?"

யாரோ சிரித்தார்கள். உடம்பை ஆட்டினேன். நானாக ஆட்டினேன். அது எனக்கே வேறு மாதிரி இருந்தது, ஊஞ்சலில் இருக்கிற பிள்ளையின் ஆட்டம் மாதிரி. இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

திடீரென்று குலவை. ஒன்று, அப்புறம் பத்து, அப்புறம் எல்லாப் பெண்களும். கொட்டும் எகிறியது. வந்துவிட்டது என்று நினைத்தேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. கூட்டம் "கருப்பா!" என்று அலறியது. ஆனால் சத்தம் என் முன்னால் இல்லை. எனக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

கண்கட்டுத் துணியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தேன். அண்ணன். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மேடும் பள்ளமுமான அந்தத் தரையில், முன்னே பின்னே அலைமோதி நிற்கிறார். நிற்க முடியாமல் நிற்கிறார். அவர் காலடியில் ஊர் விழுந்து கிடக்கிறது. அவர்களை எழுந்து போகச் சொல்லி ஒரு கையைத் தூக்கினார். தூக்கியதும் ஆட்டம் கூடிற்று. ஆட்டம் கூடியதும் குலவை கூடிற்று.

"இவருட்டத்தான்யா இருக்கு! இன்னும் போகல!" என்று வெள்ளையன் மச்சான் கத்தினார். கன்னத்தில் போட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பங்குனி 16

ஊர் எனக்கு அடுத்த மாசிவரை தவணை கொடுத்திருக்கிறது. அதற்குள் வந்தால் ஆயிற்று. இல்லையென்றால் எங்கள் வீட்டை விட்டே பட்டம் போகும்.

அண்ணனிடம் போனேன். கட்டிலில் படுத்திருந்தார். மதினி முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்த ஆட்டம். அது எப்படிண்ணே வரும்?"

மதினியின் கை நின்றது. அண்ணன் மேலே கூரையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது பழகி வராதுடா அடைக்கலம்" என்றார் மெதுவாக, அக்கறையாக. "முட்டி போகணும்."

பங்குனி 19

புது மூட்டத்துக்கு மண் சுமந்தேன். ஓடைக்கரையிலிருந்து மேட்டுக்கு, ஏற்றம். கூலி ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலியடியில் நின்று ராக்கு பார்த்தாள்.

"ஆள விட்டுட்டு நீ எதுக்கு இப்படிச் சொமக்குற? கூடையில பாதி அள்ளுனாப் போதாதா?"

கூடை நிறைய அள்ளி, காலால் மிதித்து அழுத்தி, அதற்கு மேலும் அள்ளினேன். தூக்கிவிடச் சொன்னேன்.